கடைசி சில மைக்ரான்கள்: உலோக, பிளாஸ்டிக் பாகங்களின் பினிஷிங்

ஒரு பாகத்தின் டிராயிங்கில் எல்லா அளவுகளும் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை எழுதியிருக்கும். எந்த ரக அலுமினியம் என்பதும் இருக்கும். மூலையில் மட்டும் 'பினிஷ்: கறுப்பு அனோடைஸ்' என்று ஒரே ஒரு வரி. எழுதியவர் நிறத்தை நினைத்து எழுதியிருப்பார். அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்க்கும் அந்த அனோடைசிங் வேலையைச் செய்பவருக்கோ அதைப் படித்ததும் வேறு கேள்விகள் வரும். எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு)? டிராயிங்கில் உள்ள அளவு பூச்சுக்கு முன்னா, பின்னா? மரை போட்ட துளைகளை அடைக்க வேண்டுமா? பாகத்தை எந்த இடத்தில் பிடித்துத் தொங்கவிடலாம்? கேட்டால் வேலை தாமதம் என்று நினைத்தால், தன் வழக்கப்படி செய்து அனுப்பிவிடுவார். பாகம் அழகாகத்தான் திரும்பி வரும். பேரிங் மட்டும் உள்ளே உட்காராது.

பினிஷிங்கில் பெயர்கள் ஏராளம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது என்பேன்: மேலே தெரிகிற அந்தப் பரப்பு எப்படி உண்டானது? பாகத்திலிருந்து கொஞ்சம் எடுத்ததால் வந்ததா? பாகத்தின் உலோகமே வேறொரு பொருளாக மாறியதா? வெளியிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து மேலே ஏற்றியதா? இதற்கு விடை தெரிந்தால் அளவு எவ்வளவு மாறும், கீறல் விழுந்தால் என்ன ஆகும், எங்கே முதலில் கெடும் என்பதெல்லாம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

எடுப்பதிலிருந்து தொடங்கலாம். மில்லிங்கிலோ லேத்திலோ இருந்து வரும் பரப்பில் கருவியின் தடம் கோடுகோடாக இருக்கும். அந்தச் சொரசொரப்பை 'ஆர்ஏ' என்ற அளவால் சொல்கிறார்கள்: பரப்பின் நடுக்கோட்டிலிருந்து மேடுபள்ளங்கள் சராசரியாக எவ்வளவு விலகுகின்றன என்பது. சாதாரண மெஷினிங்குக்கு 3.2 மைக்ரான் என்பது வழக்கம். 1.6, 0.8 என்று இறங்க இறங்க கருவி முன்னேறும் வேகம் குறையும், நேரம் கூடும். கண்ணாடிபோல் முகம் தெரிய வேண்டுமென்றால் 0.1க்கும் கீழே போக வேண்டும்.

ஆர்ஏ ஒரு சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. கூர்மேடுகள் நிறைந்த பரப்புக்கும், சமதளத்தில் ஆங்காங்கே பள்ளம் விழுந்த பரப்புக்கும் அது ஒரே எண்ணைத் தரலாம். எண்ணெய் தங்க வேண்டிய சிலிண்டர் சுவருக்கு இரண்டாவது நல்லது. முதலாவது ரப்பர் சீலைத் தேய்த்துத் தின்றுவிடும். சீல் உட்காரும் இடத்தில் குறுக்கே ஒரே ஒரு கீறல் இருந்தால் போதும், ஆர்ஏ எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசியும்.

கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் அடிக்கும் பிளாஸ்டிங்கைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. கருவித் தடங்கள் மறைந்து, சீரான மங்கல் தோற்றம் வருவதால் பரப்பு வழவழப்பாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பல சமயம் ஆர்ஏ ஏறித்தான் இருக்கும். மேடுபள்ளங்கள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஆகிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இன்னொன்று: சாதாரண எஃகுப் பாகங்களை அடித்த அதே மணிகளைக் கொண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையோ அலுமினியத்தையோ அடித்தால் இரும்புத் துகள்கள் பரப்பில் பதிந்துவிடும். கொஞ்ச நாளில் புள்ளிபுள்ளியாகத் துரு தெரியும். 'ஸ்டெயின்லெஸ் எப்படித் துருப்பிடித்தது' என்ற புகார்களில் சிலவற்றின் மூலம் இந்த மணிப்பெட்டிதான்.

ஸ்டெயின்லெஸ்ஸின் பாதுகாப்பே ஒரு மெல்லிய படலம். உலோகத்தில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருப்பதால், காற்று பட்டதும் சில நானோமீட்டர் தடிமனில் குரோமியம் ஆக்சைடு உருவாகிறது. வெட்டும் கருவியும் பிடிக்கும் கவ்வியும் விட்டுச்செல்லும் இரும்புத் துகள் அந்தப் படலத்தைக் கெடுக்கும். நைட்ரிக் அமிலத்திலோ சிட்ரிக் அமிலத்திலோ முக்கி அந்த இரும்பைக் கரைத்து எடுப்பதுதான் பாசிவேஷன். பாகம் போன மாதிரியே திரும்பி வரும். அளவும் மாறாது, நிறமும் மாறாது. அதனாலேயே 'உண்மையில் செய்தார்களா' என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வருவதுண்டு. எலக்ட்ரோபாலிஷ் அப்படியில்லை. முலாம் பூசுவதைத் தலைகீழாக ஓட்டுவது அது: பாகம் நேர்மின்முனை, மேடுகள் பள்ளங்களைவிட வேகமாகக் கரையும், பளபளப்பு வரும், சின்னப் பிசிறுகளும் போய்விடும். ஆழமான கீறலை மட்டும் அது நீக்காது. கீறலைப் பளபளப்பாக்கித் தரும்.

உலோகமே மாறும் இடம்

அனோடைசிங்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மிக அதிகமாகக் கேட்கப்படுவதும், மிகக் குறைவாக விவரம் எழுதப்படுவதும் அதுதான்.

அலுமினியம் காற்றுப்பட்டதுமே தன்மேல் சில நானோமீட்டர் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். அந்தப் படலத்தை மின்சாரத்தால் ஆயிரக்கணக்கான மடங்கு வளர்ப்பதுதான் இந்த முறை. பாகத்தை அமிலத்தில் முக்கி நேர்மின்முனையாக இணைத்தால், அதன் மேற்பரப்பு அலுமினியமே ஆக்சைடாக மாறத் தொடங்கும். 1923இல் பெங்கா, ஸ்டூவர்ட் இருவரும் பிரிட்டனில் குரோமிக் அமிலத்தை வைத்து இதைச் செய்தார்கள். கடல் விமானங்களின் டியூராலுமின் என்ற அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காப்பது அப்போதைய தேவை. 1927இல் கந்தக அமில முறைக்குக் காப்புரிமை வந்தது. இன்று பெரும்பாலான பட்டறைகளில் நடப்பது அதன் வழிவந்த முறைதான்.

சாதாரண அனோடைசிங் அறை வெப்பநிலையை ஒட்டி நடக்கும். 5 முதல் 25 மைக்ரான் வரை வளரும். தொட்டியை உறைநிலைக்கு அருகே குளிர்வித்து அதிக மின்னோட்டம் செலுத்தினால் 50 மைக்ரானும் அதற்கு மேலும் கெட்டியான படலம் கிடைக்கும். அதுதான் ஹார்டு அனோடைஸ். இரண்டிலுமே படலம் முழுக்க நுண்துளைகள் இருக்கும். சாயம் போய் உட்காருவது அந்தத் துளைகளில்தான். பிறகு கொதிநிலையை நெருங்கிய தூய நீரில் வைத்தால் ஆக்சைடு நீரை ஏற்று உப்பி, துளைகளின் வாயை அடைத்துக்கொள்கிறது. இந்த அடைப்பு சரியாக நடக்காவிட்டால் சாயம் கையில் ஒட்டும், வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். நிறம் போவது பல நேரம் சாயத்தின் குற்றமாக இருக்காது.

இப்போது அளவுக் கணக்கு. படலம் உலோகத்தைத் தின்றுகொண்டே வளர்வதால் ஒரு பகுதி உள்ளே போகும், ஒரு பகுதி வெளியே எழும்பும். சாதாரண வகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கும், ஹார்டு வகையில் ஏறக்குறையப் பாதியும் வெளியே எழும்பும் என்று கணக்கிடுவார்கள். ஆக 50 மைக்ரான் ஹார்டு அனோடைஸ் என்றால் ஒவ்வொரு முகமும் 25 மைக்ரான் உயரும். தண்டின் விட்டம் 50 மைக்ரான் கூடும். துளையின் விட்டம் அதே அளவு குறையும். பேரிங் உட்காராத கதை இதுதான்.

படலம் பரப்புக்குச் செங்குத்தாக மட்டுமே வளரும். கூர்மையான விளிம்பில் இரண்டு முகங்களின் படலங்களும் வெவ்வேறு திசையில் வளர்வதால் நடுவில் பிளவு விழும். அங்கேதான் முதலில் உதிரும். படலம் தடிமனாக ஆக விளிம்பை உருட்டிவிடுவது கட்டாயமாகிறது. கலவையும் கணக்கில் வர வேண்டும். 6061, 6063 போன்ற ரகங்கள் நன்றாக எடுக்கும். செம்பு அதிகமுள்ள 2024இல் படலம் தரம் குறைவாக இருக்கும். டை காஸ்டிங் முறையில் அச்சில் வார்த்த பாகங்களில் சிலிக்கான் நிறைய இருக்கிறது. அது ஆக்சைடாக மாறாமல் அப்படியே நிற்பதால் பரப்பு திட்டுத்திட்டாகக் கருஞ்சாம்பல் ஆகும். ஒரே பெட்டிக்கு மெஷின் செய்த மூடியும் வார்த்த உடலும் கொடுத்துவிட்டு இரண்டும் ஒரே நிறத்தில் வேண்டும் என்று கேட்பது, முடியாததைக் கேட்பது. அந்த இடத்தில் பெயின்ட்டுக்கு மாறுவதே மேல்.

மின்னணுப் பெட்டிகள் செய்பவர்கள் இன்னொன்றில் மாட்டிக்கொள்வார்கள். அலுமினியம் ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. பெட்டியின் உள்ளே எர்த் இணைக்க வேண்டிய இடத்தை மறைத்து வைக்காமல் அனோடைஸ் செய்தால் திருகு இறுக்கினாலும் தொடர்பு கிடைக்காமல் போகலாம். அந்த இடங்களை மாஸ்கிங் செய்யலாம். அல்லது மின்சாரம் கடத்தும் மெல்லிய குரோமேட் படலத்தை அனோடைசிங்குக்குப் பதிலாகக் கேட்கலாம்.

டைட்டானியத்தையும் அனோடைஸ் செய்யலாம், சாயமே தேவையில்லை. படலத்தின் தடிமனைப் பொறுத்து ஒளி அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் தோன்றும்; வோல்ட்டேஜைக் கூட்டக் கூட்டப் பொன்னிறம், ஊதா, நீலம் என்று மாறிக்கொண்டே போகும். எஃகுக்கு இந்த வழி கிடையாது. அதற்குள்ள உறவு கறுப்பு ஆக்சைடு: சூடான காரக் கரைசலில் வைத்து மேற்பரப்பை மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றுவது. ஒரு மைக்ரான் அளவுதான், அளவுச் சிக்கலே இல்லை. ஆனால் துருவைத் தடுப்பது அந்தக் கறுப்பு இல்லை, அது உறிஞ்சி வைத்திருக்கும் எண்ணெய். எண்ணெய் போனால் பாதுகாப்பும் போயிற்று.

மேலே ஏற்றும்போது

மின்முலாமின் பெரிய குணமே அதன் ஓரவஞ்சனைதான். மின்னோட்டம் விளிம்புகளிலும் கூர்முனைகளிலும் குவியும். உள்மூலைக்கும் ஆழமான துளைக்கும் போகச் சோம்பும். ஆகவே '10 மைக்ரான் துத்தநாகம்' என்று எழுதினால் விளிம்பில் 20, குழிக்குள் 3 என்று வர வாய்ப்புண்டு. எந்த இடத்தில் அளக்க வேண்டும் என்று எழுதாவிட்டால் எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கும், பாகம் மட்டும் துருப்பிடிக்கும்.

மரைகளில் இது இன்னும் கொடுமை. 60 டிகிரி மரையின் சரிவான இரு பக்கங்களிலும் முலாம் ஏறுவதால், மரையின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவே அளக்கும் பிட்ச் விட்டம் முலாமின் தடிமனைப்போல் நான்கு மடங்கு கூடுகிறது. 10 மைக்ரான் ஏற்றினால் 40 மைக்ரான். போல்ட்டிலும் நட்டிலும் இரண்டிலும் ஏற்றினால் இரட்டிப்பு. முலாமுக்கு இடம் விட்டு மரை வெட்ட வேண்டும், அல்லது முலாமுக்குப் பிறகு சிரமப்பட்டு மரையைச் சரிசெய்ய வேண்டும். பிந்தையது போட்ட முலாமையே வழித்தெடுப்பது.

மின்சாரமே இல்லாமல் நிக்கல் ஏற்றும் முறையை அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடெலும் 1946இல் வெளியிட்டார்கள். கரைசலில் இருக்கும் ஹைப்போபாஸ்பைட் என்ற ரசாயனமே நிக்கல் அயனிகளை உலோகமாக்கிப் படியவைக்கிறது. மின்னோட்டம் இல்லை, ஆகவே விளிம்பு, குழி என்ற பேதமும் இல்லை. கரைசல் எங்கெல்லாம் புதிதாக வந்து தொடுகிறதோ அங்கெல்லாம் ஒரே தடிமன். பாஸ்பரஸ் கலந்த இந்த நிக்கலை 400 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக்கினால் ஹார்டு குரோமுக்கு அருகே கடினமாகும். கரைசல் சுமார் 90 டிகிரியில் இருக்க வேண்டும், மெதுவாகத்தான் ஏறும், கரைசலுக்கு ஆயுளும் குறைவு. விலை அதிகம் என்பதன் காரணம் அது. உள்வழிகள் சிக்கலாக இருக்கும் வால்வு உடல்களுக்கு வேறு நல்ல வழி குறைவு.

கீறல் விழுந்தால் என்ன ஆகும் என்பதில் முலாம்கள் இரு கட்சி. துத்தநாகம் இரும்பைவிட எளிதாகக் கரையும். கீறலில் இரும்பு தெரிந்தாலும் பக்கத்திலுள்ள துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காக்கும். நிக்கலும் குரோமும் நேர் எதிர். சின்ன ஓட்டை விழுந்தால் அங்கே இரும்புதான் கரையும், அதுவும் வேகமாக. பளபளக்கும் குரோம் பாகங்களில் குரோம் அரை மைக்ரானுக்கும் குறைவாகவே இருக்கும். அடியிலுள்ள நிக்கல் அடுக்குதான் வேலை செய்கிறது. நிக்கலில் மிச்சம் பிடித்தவர்களின் பாகங்கள் கொப்புளம் கட்டித் துரு கக்குவதைப் பார்க்கலாம்.

துத்தநாகத்தின் மேல் முன்பெல்லாம் வானவில் சாயலுடன் மஞ்சளாக ஒரு குரோமேட் படலம் இருக்கும். அதில் அறுவலு குரோமியம் இருந்தது, அது புற்றுநோய் உண்டாக்கும். மின்னணுச் சாதனங்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலை முதல் கட்டுப்படுத்தியது. இப்போது மூவலு குரோமியம் வந்துவிட்டது. நிறம் பெரும்பாலும் வெளிர்நீலமோ வெள்ளியோ. மஞ்சள் தெரிந்தால் சாயமாகவும் இருக்கலாம், பழைய ரசாயனமாகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.

முலாமில் உயிருக்கே ஆபத்தான ஒன்று உண்டென்றால் அது ஹைட்ரஜன். அமிலத்தில் கழுவும்போதும் முலாம் பூசும்போதும் உருவாகும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைகின்றன. சாதாரண எஃகுக்குப் பிரச்சினை இல்லை. மிகவும் வலுவாக்கப்பட்ட போல்ட்டுகளில் அது விரிசலை வளர்க்கும். இறுக்கி வைத்துச் சில மணி நேரமோ சில நாட்களோ கழித்து, முன்னறிவிப்பின்றித் தலை தெறித்துவிடும். அதனால்தான் முலாம் முடிந்து நான்கு மணி நேரத்துக்குள் 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் சூடாக்கச் சொல்கிறார்கள். குரோமேட் படலத்தை அதன் பிறகே போட வேண்டும், முன்னால் போட்டால் அந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

ஹைட்ரஜன் தொட்டியிலிருந்துதான் வரவேண்டும் என்பதுமில்லை. சான் பிரான்சிஸ்கோ - ஓக்லாந்து பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில் 2013 மார்ச்சில் 96 பெரிய நங்கூரத் தண்டுகளை இழுத்து இறுக்கினார்கள். சில நாட்களிலேயே 32 முறிந்தன. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த, வலிமை மிகுந்த எஃகுத் தண்டுகள் அவை. பொருத்திய குழிகளில் நீர் தேங்கியிருந்தது; நீரில் நடக்கும் அரிப்பும் ஹைட்ரஜனைத் தரும். தொட்டியிலிருந்து வரும் ஹைட்ரஜனையாவது தவிர்க்க, இன்று வலிமை கூடிய போல்ட்டுகளுக்கு மின்சாரமும் அமிலமும் இல்லாமல் பூசப்படும் துத்தநாகச் செதில் பூச்சைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பவுடர் கோட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். மின்னேற்றிய தூளைத் தெளித்து 180 டிகிரி வாக்கில் உருக்கிக் கெட்டியாக்குவது. 60 முதல் 120 மைக்ரான் வரும். உள்மூலைகளுக்குள் தூள் போக மறுக்கும். துளை நிறைந்த வார்ப்புகளில் அடைபட்ட காற்று சூட்டில் வெளியேறி ஊசித்துளை விடும். மரை, பேரிங் இடம் எல்லாவற்றையும் அடைத்தே ஆக வேண்டும்.

அதைவிட எனக்கு வியப்பாகத் தெரிவது கார் உடல்களுக்கு அடிப்பூச்சாகப் போடும் மின்படிவுப் பெயின்ட். முலாம் போலவே தொட்டி, மின்சாரம் எல்லாம் உண்டு. விளைவு மட்டும் நேர்மாறு. படியும் பெயின்ட் மின்சாரத்தைத் தடுப்பதால், ஓரிடத்தில் தடிமன் ஏறியதும் அங்கே மின்னோட்டம் நின்றுபோய், இன்னும் பூசப்படாத இடத்தைத் தேடிப் போகிறது. கதவின் உள்மடிப்பு வரை 20 மைக்ரான் அளவில் சீராகப் படிவது அப்படித்தான்.

பிளாஸ்டிக்கில் கதை வேறு

பிளாஸ்டிக் பாகத்தின் பினிஷ் பெரும்பாலும் பாகத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. எஃகு அச்சை எப்படி மெருகேற்றியிருக்கிறார்களோ அதைத்தான் உருகிய பிளாஸ்டிக் நகலெடுக்கும். அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில் சங்கத்தின் தரவரிசை ஏ1 முதல் டி3 வரை பன்னிரண்டு படிகள்: வைரப் பசையால் மெருகேற்றியது ஏ, உப்புத்தாள் பி, கல் சி, பிளாஸ்டிங் டி. கண்ணாடிப் பளபளப்பு கேட்பவர்கள் ஒன்றை யோசிப்பதில்லை: தடிமனான இடத்தில் விழும் குழிவும், பிளாஸ்டிக் ஓடிய கோடும் பளபளப்பில்தான் எடுப்பாகத் தெரியும். சொரசொரப்பான டெக்ஸ்ச்சர் அவற்றை மறைத்துவிடும். ஆனால் டெக்ஸ்ச்சர் போட்ட சுவர் அச்சிலிருந்து வெளிவர அதிகச் சாய்வு வேண்டும். ஒவ்வொரு 0.025 மில்லிமீட்டர் ஆழத்துக்கும் கூடுதலாக 1 முதல் 1.5 டிகிரி என்பது நடைமுறைக் கணக்கு. அச்சு வெட்டிய பிறகு டெக்ஸ்ச்சர் கேட்டால் பக்கச் சுவரெல்லாம் கீறிக்கொண்டு வெளிவரும்.

அப்புறம் பெயின்ட். பாலிபுரொப்பிலீன், பாலிஎத்திலீன் பரப்புகள் எதையும் ஒட்டவிடாதவை. அவற்றின் பரப்பு ஆற்றல் மிகக் குறைவு என்பதால் மை பரவாமல் முத்துமுத்தாகத் திரண்டு நிற்கும். சுடர், கொரோனா மின்வெளியேற்றம், பிளாஸ்மா இவற்றில் ஒன்றால் பரப்பை லேசாக ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டால் ஒட்டும். இந்த விளைவு நாள்பட மங்கும். இன்று பதப்படுத்திவிட்டு அடுத்த மாதம் அச்சடித்தால் மறுபடி உரியும். பாலிகார்பனேட்டில் சிக்கல் வேறு விதம்: பெயின்ட் நன்றாகவே ஒட்டும், ஆனால் அதிலுள்ள கரைப்பான், வார்க்கும்போது உள்ளே தங்கிய இழுவிசையோடு சேர்ந்து மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். பெயின்ட் அடித்த அன்று தெரியாது.

பிளாஸ்டிக்கில் உலோக முலாம் என்றால் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் ரகம்தான். காரணம், அதற்குள் சிதறியிருக்கும் பியூட்டாடையீன் ரப்பர் உருண்டைகள். அமிலக் கரைசல் அந்த ரப்பரை மட்டும் அரித்து எடுக்கும்; மிஞ்சும் நுண்குழிகள்தான் உலோகம் பற்றிக்கொள்ளும் வேர். பல்லேடியத்தால் தூண்டி, மின்சாரமின்றி ஒரு மெல்லிய நிக்கலோ செம்போ படியவைத்து, பிறகுதான் வழக்கமான முலாம். நடுவில் செம்பு அடுக்கு எதற்கு என்றால், சூட்டில் பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும். நெகிழ்ச்சியுள்ள செம்பு அந்த இழுபறியைத் தாங்கிக்கொள்ளும். அரிக்கும் கரைசலில் இங்கேயும் அறுவலு குரோமியம்தான் நெடுங்காலம் இருந்தது. பெர்மாங்கனேட் வகை மாற்றுகள் இப்போது வருகின்றன.

சோதனைச் சீட்டில் என்ன பார்ப்பது

'உப்பு மூடுபனியில் 500 மணி நேரம்' என்று பெருமையாக எழுதுவார்கள். 5 சதவீத உப்புநீரை 35 டிகிரியில் ஓயாமல் தூவும் சோதனை அது. ஏஎஸ்டிஎம் பி117 என்ற தரக்குறியீடாக 1939இலிருந்து இருக்கிறது. இத்தனை மணி நேரம் தாங்கினால் வெளியில் இத்தனை வருடம் என்று அதை மாற்றிக் கணக்கிட முடியாது. குறிப்பாகத் துத்தநாகத்துக்கு அது நியாயமற்றது. இயற்கையில் நனைந்து காய்ந்து நனையும்போது துத்தநாகத்தின் மேல் கார்பனேட் படலம் உருவாகி அதைக் காக்கும். ஓயாத மூடுபனியில் அந்தப் படலம் உருவாக நேரமே கிடைப்பதில்லை.

ஒரே பூச்சு நேற்று செய்தது போலவே இன்றும் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் அது நல்ல சோதனை. இரண்டு பேரிடமிருந்து வந்த பாகங்களை ஒப்பிடுகிறீர்கள் என்றால் தடிமனை ஒரே இடத்தில் அளந்திருக்க வேண்டும். எதைப் பார்த்ததும் நிறுத்துவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். துத்தநாக முலாமில் முதலில் துத்தநாகம் கரைந்து வெள்ளைத் துரு வரும், நெடுநேரம் கழித்து அடியிலுள்ள இரும்பின் செந்துரு வரும். ஒருவர் வெள்ளைத் துரு வரும்வரை 120 மணி நேரம் என்கிறார், இன்னொருவர் செந்துரு வரும்வரை 240 என்கிறார் என்றால், முதலாமவரின் பாகம் சிறந்ததாக இருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.